நன்றியும் ஒப்பந்தமும்

1

கனடாவில் மார்க்கம் என்ற ஊரில் எனக்கு ஒரு நண்பன் இருக்கிறான். கல்லூரியில் என்னோடு ஆங்கில இலக்கியம் படித்தவன். சில காலம் கவிதை எழுதினான்; தன் கவிதைகளைத் தானே திரும்பப் படித்துப் பார்க்கும் பழக்கம் இருந்ததால் நிறுத்திவிட்டான். அவன் கடிதங்களில் வழக்கமாகப் புத்தகங்கள்தான் இருக்கும். 2024 ஜூலையில் வந்த கடிதத்தில் புத்தகம் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஸ்டீவன் ஸ்டாம்கோஸ் என்ற ஐஸ் ஹாக்கி ஆட்டக்காரரை அவருடைய குழு போகவிட்டுவிட்டது என்பதைப் பற்றியே நான்கு பக்கம். ஸ்டாம்கோஸ் 1990ல் பிறந்தது மார்க்கத்தில். தமிழர்கள் நிறையக் குடியேறியிருக்கும் ஊர் அது. ஆகவே அவனுக்கு இது தூரத்துச் செய்தியல்ல, தெருச் செய்தி. 'பதினாறு வருஷம் உழைத்தவனுக்கு இதுதான் மரியாதையா? நீ தத்துவம் பேசுகிறவன், சொல்' என்று முடித்திருந்தான்.

ஐஸ் ஹாக்கியை நான் நேரில் பார்த்ததில்லை. அதைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டது. ஆனால் கேள்வி எனக்குப் பழக்கமானது. பாங்கில் நான் உட்காருவது டெபாசிட் பிரிவில். முதிர்வுத் தேதி வந்த ரசீதை நீட்டுகிறவரிடம், 'புதுப்பிக்கவா, எடுத்துக்கொள்கிறீர்களா?' என்று நாள் முழுவதும் கேட்கிறேன். பணத்தைப் பற்றிக் கேட்கும்போது இதில் தார்மீகப் பிரச்னை எதுவும் இல்லை. ஐந்து வருஷம் எங்களிடம் இருந்ததற்காகப் பணத்துக்கு நாங்கள் நன்றிக்கடன் பட்டிருக்கிறோம் என்று யாரும் சொல்வதில்லை. அதே கேள்வியை ஒரு மனிதனைப் பற்றிக் கேட்கும்போது மட்டும் நமக்குள் ஏதோ ஒன்று முறைத்துக்கொண்டு எழுகிறது. அது நியாயத்திலிருந்து எழுகிறதா, அல்லது வெறும் பழக்கத்திலிருந்தா என்பதைத்தான் இங்கே பார்க்க விரும்புகிறேன்.

2

முதலில் விஷயம். அமெரிக்காவிலும் கனடாவிலுமாக நடக்கும் தேசிய ஹாக்கி லீகில், புளோரிடா மாநிலத்தின் டாம்பா பே லைட்னிங் குழு 2008ல் புதிய ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும்போது முதல் ஆளாக ஸ்டாம்கோஸை எடுத்தது. அப்போது அவருக்கு வயது 18. 2014ல் காப்டன் ஆனார். 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் ஸ்டான்லி கோப்பையை வாங்கினார். டாம்பாவுக்காக 1082 ஆட்டங்கள், 555 கோல்கள். இடையில் 2013ல் காலெலும்பு முறிந்தது. 2016ல் இரத்தம் உறைந்து அறுவை சிகிச்சை.

அதே 2016ல்தான் அவருடைய ஒப்பந்தம் ஒருமுறை முடிய இருந்தது. சொந்த ஊருக்குப் பக்கத்திலுள்ள டொரான்டோ குழு அவரை அழைத்துக்கொள்ளும் என்று பத்திரிகைகள் எழுதின. ஜூலை முதல் தேதி சந்தை திறக்கும். இரண்டு நாள் முன்னதாக, ஜூன் 29ம் தேதி, டாம்பாவிலேயே எட்டு ஆண்டுகளுக்குக் கையெழுத்திட்டார். 6 கோடியே 80 லட்சம் டாலர்.

அந்த எட்டு ஆண்டுகள் 2024 கோடையில் முடிந்தன. அதற்கு முந்திய செப்டம்பரிலேயே, பயிற்சி தொடங்கிய சமயத்தில், புதிய ஒப்பந்தம் பற்றித் தன்னோடு பேச்சே எடுக்கப்படவில்லை என்பதில் தனக்கு ஏமாற்றம் என்று ஸ்டாம்கோஸ் நிருபர்களிடம் வெளிப்படையாகச் சொன்னார். குழுவின் ஜெனரல் மானேஜர் ஜூலியன் பிரிஸ்புவாவின் பதில், பருவம் முடியட்டும், பிறகு பேசலாம் என்பது. ஸ்டாம்கோஸ் அந்தப் பருவத்தை ஆடினார். 40 கோல் போட்டார். வயது 34. பிறகு பேச்சு நடந்தது, தொகை ஒத்துவரவில்லை. 2024 ஜூலை முதல் தேதி நாஷ்வில் குழுவோடு நான்கு ஆண்டுகளுக்கு 3 கோடியே 20 லட்சம் டாலருக்குக் கையெழுத்திட்டார். அதே சமயத்தில் டாம்பா, 29 வயது ஜேக் கென்ட்ஸல் என்பவரை ஏழு ஆண்டுகளுக்கு 6 கோடியே 30 லட்சம் டாலருக்கு எடுத்துக்கொண்டது.

நண்பனின் கோபத்துக்குக் காரணம் இந்தக் கடைசி வாக்கியம். பணம் இல்லை என்றால் சரி. இருந்தது, இன்னொருவனுக்கு இருந்தது.

3

இந்தக் கோபம் 'விசுவாசம்' என்ற சொல்லை வைத்துக்கொண்டு பேசுகிறது. அந்தச் சொல்லின் சரித்திரத்தைக் கொஞ்சம் பார்க்கவேண்டும்.

ஒரு காலத்தில் இந்த விளையாட்டில் எல்லோருமே விசுவாசமாகத்தான் இருந்தார்கள். வேறு வழி கிடையாது. ஆட்டக்காரனின் ஒப்பந்தம் முடிந்தாலும் அவன்மேல் குழுவுக்குள்ள உரிமை முடியாது. அதற்கென்று ஒரு ஷரத்து. குழு அவனை விற்கலாம், மாற்றலாம், வீட்டுக்கு அனுப்பலாம். அவனாகப் போக முடியாது. டெட்ராய்ட் குழுவின் டெட் லிண்ட்சே 1957ல் ஆட்டக்காரர்களுக்கு ஒரு சங்கம் தொடங்கினார். அந்தப் பருவத்தில் அவர் ஆடிய ஆட்டம் அவர் வாழ்க்கையிலேயே சிறந்தவற்றில் ஒன்று. அதே ஆண்டில் குழு அவரைச் சிகாகோவுக்கு அனுப்பியது. சிகாகோ அப்போது பட்டியலின் அடியில் கிடந்த குழு. சங்கமும் சீக்கிரமே கலைந்துபோயிற்று.

1972ல் போட்டி லீக் ஒன்று தோன்றி, சிகாகோவின் பாபி ஹல்லுக்குப் பத்து லட்சம் டாலர் கொடுத்து வின்னிபெக்குக்கு அழைத்துக்கொண்டது. வழக்கு பிலடெல்பியாவில் நடந்தது. அந்த நவம்பரில் நீதிபதி லியான் ஹிக்கின்பாதம், பழைய ஷரத்தை அமல்படுத்த இடைக்காலத் தடை விதித்தார். அமெரிக்காவின் கறுப்பு நீதிபதிகளில் ஒருவர் அவர். அடிமை முறையைச் சட்டம் எப்படி வளர்த்தது என்று 1978ல் புத்தகம் எழுதியவர். இந்த வழக்கு அவர் கைக்கு வந்தது தற்செயல்தான். அர்த்தமில்லாத தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. அதன்பிறகும் முழு சுதந்திரம் வர வெகு காலம் ஆயிற்று. ஒரு முழுப் பருவத்தையே ரத்து செய்த தகராறுக்குப்பின், 2005ல் வந்த ஒப்பந்தத்தில்தான் 27 வயதோ ஏழு பருவமோ ஆனவன் தன் ஒப்பந்தம் முடிந்ததும் எங்கு வேண்டுமானாலும் போகலாம் என்ற நிலை படிப்படியாக வந்தது.

இதிலிருந்து எனக்குக் கிடைப்பது இரண்டு. போகும் சுதந்திரம் இல்லாதவன் தங்குவதற்கு விசுவாசம் என்று பெயர் இல்லை. ஸ்டாம்கோஸ் 2016ல் தங்கியது விசுவாசம் என்றால், லிண்ட்சேயும் ஹல்லும் கதவைத் திறந்துவைத்ததால்தான் அது விசுவாசம் ஆயிற்று. இரண்டாவது, அந்தக் கதவு ஒருவழிக் கதவல்ல. போகலாம் என்ற உரிமையை நாம் ஆட்டக்காரனுக்குக் கேட்டு வாங்கிய பிறகு, போ என்று சொல்லும் உரிமை குழுவுக்கு இல்லை என்று வாதிட முடியாது. பழைய எஜமானனிடம் பிள்ளை பாசத்தையும் புதிய சந்தையிடம் சுதந்திரத்தையும் ஒரே சமயத்தில் எதிர்பார்க்கிறோம். இரண்டும் ஒரே கடையில் கிடைக்காது.

4

சரி, உரிமை இருக்கிறது. ஆனால் உரிமை இருப்பதெல்லாம் செய்யத்தக்கதா? பதினாறு ஆண்டுகளுக்கு நன்றி என்று ஒன்று இல்லையா?

இருக்கிறது. ஆனால் அதை ஒப்பந்தத்தில் தேடுவதுதான் தவறு என்று நினைக்கிறேன். ஒப்பந்தம் எதிர்காலத்தை வாங்குகிறது. நன்றி கடந்த காலத்துக்கு உரியது. 34 வயது ஆட்டக்காரனுக்கு அவன் 22 வயதில் போட்ட 60 கோலுக்காகப் பணம் கொடுத்தால், 38 வயது வரை எல்லோரும் அந்தப் பொய்யோடு வாழவேண்டியிருக்கும்.

இது வெறும் தர்க்கம் அல்ல. டாம்பா ஒருமுறை அப்படி வாழ்ந்து பார்த்தது. ஸ்டாம்கோஸுக்கு முன்பு காப்டனாக இருந்தவர்களில் ஒருவரான வின்சென்ட் லெகவலியேவுக்கு 2008ல் பதினோரு ஆண்டு ஒப்பந்தம் கொடுத்தார்கள். 8 கோடியே 50 லட்சம் டாலர். 2004ல் குழுவுக்கு முதல் கோப்பை வாங்கித் தந்தவர்களில் ஒருவர். சாகும்வரை எங்களோடு இரு என்று சொல்வதுபோன்ற தொகை. 2013ல் அவரைக் கணக்குத் தீர்த்து அனுப்பினார்கள். சுமார் 3 கோடியே 26 லட்சம் டாலரைப் பதினான்கு ஆண்டுகளில், 2027 வரை, தவணையாகக் கொடுப்பது என்று ஏற்பாடு. நன்றியை ஒப்பந்தமாக எழுதினால் அது எப்படி முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பேரேடு கிடையாது.

இன்னொன்று. லீகில் ஒவ்வொரு குழுவுக்கும் சம்பள உச்சவரம்பு உண்டு. 2005ல் அது 3 கோடியே 90 லட்சம் டாலர். 2024ல் 8 கோடியே 80 லட்சம். அதோடு, லீகின் வருமானத்தில் ஆட்டக்காரர்கள் அத்தனை பேருக்குமாகச் சேர்த்துச் சரிபாதி என்பது 2013 ஒப்பந்தத்தின் ஏற்பாடு. ஆகவே ஒரு பழைய காப்டனுக்கு அவர் ஆட்டத்தின் மதிப்புக்கு மேல் கொடுக்கப்படும் ஒவ்வொரு டாலரும் முதலாளியின் பையிலிருந்து வருவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பூட்ஸ் கட்டும் இன்னொரு ஆட்டக்காரனின் பங்கிலிருந்து வருகிறது. முதலாளி தாராளமாக இருக்கவேண்டும் என்று கத்துகிற ரசிகன் உண்மையில் கேட்பது, மூன்றாம் வரிசைப் பையன் தாராளமாக இருக்கவேண்டும் என்பதை. அடுத்தவன் சோற்றிலிருந்து செலுத்தப்படும் நன்றி, நன்றியாகாது.

நமக்குச் செஞ்சோற்றுக் கடன் என்று ஒரு சொல் இருக்கிறது. கும்பகர்ணன் சரியா வீடணன் சரியா என்று பட்டிமன்றங்கள் தொண்டை கிழியக் கேட்டுவருகின்றன. இருந்தவன் பெரியவனா, போனவன் பெரியவனா என்ற அதே கேள்விதான். அந்தப் பட்டிமன்றத்தில் யாரும் கேட்காத ஒன்று உண்டு. செஞ்சோற்றுக் கடன் உண்டவனுக்கு மட்டும்தானா? தூக்கத்திலிருந்து எழுப்பிச் சாகக் கூப்பிட்டவனுக்கு ஒரு கடனும் கிடையாதா? உண்டவனின் கடனுக்கு இவ்வளவு வலுவான சொல்லை வைத்திருக்கும் மொழியில், ஊட்டியவனின் கடனுக்கு அதே அளவு புழக்கமுள்ள சொல் இல்லை. கல்வெட்டுகளில் இருக்கிறது. ஊருக்காகச் செத்தவனுக்கு நடுகல் நட்டு, அவன் குடும்பத்துக்கு நிலம் கொடுத்தார்கள். நெய்த்தோர்ப்பட்டி, உதிரப்பட்டி என்று அதற்குப் பெயர். இரண்டும் இரத்தத்தைக் குறிப்பவை. அந்த நிலம் சிந்திய இரத்தத்துக்காக மட்டும் கொடுக்கப்பட்டது. அடுத்த போருக்கான கூலி அதில் கலக்கவில்லை. கடந்த காலத்துக்கும் எதிர்காலத்துக்கும் தனித்தனிக் கணக்கு என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

ஹாக்கியிலும் நடுகல் உண்டு. பெரிய ஆட்டக்காரனின் எண்ணை வேறு யாருக்கும் தருவதில்லை என்று தீர்மானித்து, அந்த எண் பொறித்த துணியை அரங்கத்தின் கூரையில் தொங்கவிடுகிறார்கள். டாம்பாவின் கூரையில் முதலில் ஏறியவை இரண்டு. 2017ல் மார்ட்டின் சென் லூயியின் 26. 2018ல் லெகவலியேயின் 4. சென் லூயியும் காப்டனாக இருந்தவர். தாமே வற்புறுத்தி 2014ல் நியூயார்க்குக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனவர். ஒருவர் குழுவை விட்டுப் போனவர். இன்னொருவர் குழு விட்டவர். இரண்டு பேருக்கும் கல் நட்டாயிற்று. ஸ்டாம்கோஸின் 91ம் ஒரு நாள் ஏறும் என்றே நினைக்கிறேன்.

அப்படியானால் பிரச்னை தீர்ந்ததா? எதிர்காலத்துக்கு ஒப்பந்தம், கடந்த காலத்துக்குத் துணி. கணக்கு நேராகிவிட்டது. ஒரு பாங்கு குமாஸ்தாவுக்கு இதில் திருப்தி ஏற்படவேண்டும். எனக்கு ஏற்படவில்லை.

5

காரணம் 2020ல் நடந்த ஒன்று. அந்த ஆண்டு தொற்றுநோய் காரணமாக இறுதி ஆட்டங்கள் எட்மன்டனில், பார்வையாளர்கள் இல்லாத அரங்கத்தில் நடந்தன. அறுவை சிகிச்சை, புதிய காயம் என்று மாதக்கணக்கில் ஸ்டாம்கோஸ் ஆடவில்லை. டல்லஸ் குழுவுக்கு எதிரான மூன்றாவது ஆட்டத்தில் இறங்கினார். மொத்தம் 2 நிமிஷம் 47 விநாடி. அதற்குள் ஒரு கோல். பிறகு உடம்பு இடம் கொடுக்கவில்லை, பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அந்தக் கோப்பைக்கான ஆட்டங்கள் அனைத்திலும் சேர்த்து அவர் ஆடியது அவ்வளவுதான்.

அவருடைய ஒப்பந்தம் இதைக் கேட்கவில்லை. காயம்பட்டவன் உட்கார்ந்திருந்தாலும் சம்பளம் வரும். இந்த 2 நிமிஷம் 47 விநாடி, ஒப்பந்தத்துக்கு மேலே போன ஒன்று. நன்றி எதற்கு என்று கேட்டால், இதற்கு. சம்பளம் கொடுத்த வேலைக்கு நன்றி பாக்கி இல்லை, கொடுத்தாயிற்று. ஒப்பந்தத்தை மீறிய மிச்சத்துக்குத்தான் நன்றி. ஒப்பந்தத்தை மீறியதை இன்னொரு ஒப்பந்தத்தால் அடைக்க முடியாது என்பதையும் இது காட்டுகிறது.

துணியால் அடைக்க முடியுமா? லிண்ட்சேயைத் தண்டனையாகச் சிகாகோவுக்கு அனுப்பிய டெட்ராய்ட், 1991ல் அவருடைய 7ஐக் கூரையில் ஏற்றியது. முப்பத்துநான்கு ஆண்டுகள் கழித்து. இடையில் நிர்வாகம் மாறியிருந்தது என்பது உண்மை. ஆயினும் நடுகல்லின் குணம் இதில் தெரிகிறது. அந்த மனிதனால் இனி நமக்கு லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை என்ற பிறகுதான் கல் நடப்படுகிறது. அது ஒன்றும் கெடுதல் அல்ல, ஆனால் செலவில்லாதது. ஸ்டாம்கோஸ் ஆடியது செலவுள்ள 2 நிமிஷம் 47 விநாடி. அதற்கு ஈடாக எதையாவது சொல்லவேண்டுமானால் அதுவும் கொடுப்பவனுக்குச் செலவு வைப்பதாக இருக்கவேண்டும்.

அப்படி ஒன்று டாம்பாவின் கையில் இருந்தது. 2023 செப்டம்பரில் கொடுத்திருக்கலாம். உண்மை. 'நாங்கள் இன்ன தொகைக்கு மேல் போகமாட்டோம். உனக்கு விருப்பமில்லை என்றால் இப்போதே வழி பார்க்கலாம்' என்று ஒரு வாக்கியம். அதைச் சொல்வதில் நஷ்டம் உண்டு. கேட்டவன் மனம் ஒடிந்து ஆடலாம். மாற்றிவிடு என்று கேட்கலாம். ஊர் கூச்சலிடும். இவ்வளவும் உண்டு என்பதால்தான் அது நன்றியாக இருந்திருக்கும். சொல்லாமல் இருந்ததில் குழுவுக்கு 40 கோல் லாபம்.

இதற்கு எதிராக ஒன்று சொல்லலாம். பருவம் முடியட்டும் என்று மானேஜர் சொன்னது பொய்யல்ல. அவரே அதுவரை தீர்மானிக்காமல் இருந்திருக்கலாம். ஒத்துக்கொள்கிறேன். ஒருவர் மனத்துக்குள் இருந்ததை இங்கிருந்துகொண்டு நான் எழுத முடியாது. ஆனால் 'பார்க்கலாம்' என்பது எப்போதுமே பொய்யல்ல. அதில்தான் அதன் வசதி. காத்திருப்பதன் லாபம் முழுவதும் ஒரு பக்கமும், காத்திருப்பதன் அபாயம் முழுவதும் மறுபக்கமும் இருக்கையில், தீர்மானிக்காமல் இருப்பதும் ஒரு தீர்மானம். 34 வயது உடம்புக்கு ஒரு வருஷம் என்பது என்ன என்று காலெலும்பு முறிந்தவனுக்குத் தெரியும்.

இந்தக் குற்றம் முதலாளிகளுக்கு மட்டும் உரியது என்று சொல்ல நான் தயாராக இல்லை. ஜான் டவாரிஸ் நியூயார்க் ஐலண்டர்ஸ் குழுவின் காப்டன். 2018ல் அவர் ஒப்பந்தம் முடிய இருந்தது. தங்கவே விருப்பம் என்ற பொருளில் பேசிவந்தார். அதை நம்பிக் குழு அவரைப் பருவத்தின் நடுவில் யாருக்கும் மாற்றவில்லை. ஜூலை முதல் தேதி டொரான்டோவோடு ஏழு ஆண்டுகள், 7 கோடியே 70 லட்சம் டாலர். சிறு வயதில் டொரான்டோ குழுவின் படம் போட்ட போர்வையில் தூங்கும் தன் புகைப்படத்தை அன்று வெளியிட்டார். ஐலண்டர்ஸுக்கு ஈடாக ஒன்றும் கிடைக்கவில்லை. 2019 பிப்ரவரியில் அவர் அந்த அரங்கத்துக்குத் திரும்பிவந்தபோது ஜனங்கள் கூவித் தீர்த்தார்கள். அவர் பெயர் போட்ட சட்டையை அவர்மேலேயே எறிந்தார்கள்.

டவாரிஸ் துரோகி, ஸ்டாம்கோஸ் துரோகம் செய்யப்பட்டவர் என்று ஒரே வாயால் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டிலும் நடந்த காரியம் ஒன்றே: ஒப்பந்தம் முடிந்தது, புதுப்பிக்கப்படவில்லை. போனது குற்றமல்ல, விட்டதும் குற்றமல்ல. கேட்கவேண்டிய கேள்வி, எதிரில் இருந்தவன் உன் சொல்லை நம்பித் தன் வழியை அடைத்துக்கொண்டிருக்கையில் உனக்கு என்ன தெரிந்திருந்தது என்பது. டவாரிஸ் கடைசி வாரம்வரை உண்மையிலேயே தவித்திருந்தால் அவரிடம் குற்றம் இல்லை. அதைத் தவிர வேறு யாரும் அறிய முடியாத இடத்தில் இந்தக் குற்றம் இருக்கிறது. கூவுகிறவர்களுக்கு அது எட்டாது, கோர்ட்டுக்கும் எட்டாது.

6

இதை நான் இவ்வளவு நிச்சயமாகச் சொல்வதற்குக் காரணம் ஹாக்கி அல்ல.

எங்கள் கிளையில் ஒருவர் பதினோரு வருஷம் தினக்கூலியாக இருந்தார். வவுச்சர்களைத் தைப்பது, ரொக்கப் பெட்டியோடு போய் வருவது, வரிசையைச் சரிசெய்வது, எல்லாம் அவர்தான். சங்கத்துக்குக் கிளையில் நான் பொறுப்பாளன். நிரந்தரமாக்கும் பட்டியல் ஒன்று தயாராகிவந்தது. அதில் அவர் பெயர் இல்லை, வரவும் போவதில்லை என்பது ஒரு ஜனவரியில் எனக்குத் தெரிந்துவிட்டது. வாரம் ஒருமுறை கேட்பார்: 'ஏதாவது தகவல் உண்டா, சார்?' 'பார்க்கலாம், அண்ணே' என்பேன். மார்ச் 31 கணக்கு முடிக்கவேண்டும். அந்த இரண்டு மாதம் அவர் இல்லாமல் கிளை நடக்காது. அவரைக் காப்பாற்ற நான் இன்னும் முயன்றுகொண்டிருக்கிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன், முயன்றதும் உண்டு. அதனால் அது பொய்யல்ல.

ஏப்ரலில் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. 'ஜனவரியில் ஜவுளிக் கடையில் ஒரு இடம் வந்தது, சார். இங்கே ஆகிவிடும் என்று வேண்டாம் என்றுவிட்டேன்' என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. கடைசி நாள் சால்வை போர்த்தினோம். கிளை முழுவதும் கைதட்டியது. பேசியவர்களில் நானும் ஒருவன். நன்றாகவே பேசினேன் என்று சொன்னார்கள்.

அந்தப் பட்டியலில் அவர் பெயரைச் சேர்க்க என்னால் முடியாது. அது என் கடன் அல்ல. ஜவுளிக் கடையைப் பற்றி அவர் தீர்மானிக்கும்போது எனக்குத் தெரிந்ததை அவருக்கும் தெரிவிப்பது மட்டும்தான் என் கடன். ஒரு வாக்கியம். அதைக் கொடுக்காமல் சால்வையைக் கொடுத்தேன்.

7

இனி விளைவுகளைப் பற்றிச் சிறிது. ஏனென்றால் நண்பன் 2025 கோடையில் எழுதிய கடிதத்தில் விளைவுகளை வைத்து வாதாடத் தொடங்கியிருந்தான். 2024-25 பருவத்தில் நாஷ்விலில் ஸ்டாம்கோஸ் 27 கோல் போட்டார். அந்தக் குழு இறுதிச் சுற்றுகளுக்கே போகவில்லை. டாம்பாவில் கென்ட்ஸல் 41 கோல் போட்டார். ஆகவே மானேஜர் கணக்கு சரி என்று சிலர். ஆனால் டாம்பா, ஸ்டாம்கோஸ் இருந்த 2024லும் அவர் இல்லாத 2025லும் முதல் சுற்றிலேயே, அதே புளோரிடா பாந்தர்ஸ் குழுவிடம், அதே ஐந்து ஆட்டங்களில் தோற்றது. ஆகவே கணக்கு தப்பு என்று வேறு சிலர். இரண்டும் வீண் பேச்சு. கணக்கு சரியாக இருந்தால் மௌனம் சரியாகிவிடாது. தவறாக இருந்ததால் மௌனம் அதிகத் தவறாகிவிடவும் இல்லை. கென்ட்ஸல் நூறு கோல் போட்டாலும் 2023 செப்டம்பர் அப்படியேதான் இருக்கும்.

அதே 2025 ஜூனில் டவாரிஸின் ஏழாண்டும் முடிந்தது. ஆண்டுக்கு 1 கோடியே 10 லட்சம் டாலர் வாங்கிக்கொண்டிருந்தவர், ஆண்டுக்குச் சுமார் 43 லட்சத்து 80 ஆயிரத்துக்கு மேலும் நான்கு ஆண்டுகள் டொரான்டோவிலேயே இருக்கச் சம்மதித்தார். சந்தை திறக்குமுன்பே கையெழுத்து. இப்போது அவரை விசுவாசி என்கிறார்கள். அவர் மாறவில்லை. வீட்டுக்குப் போக விரும்பியவர் போனார். வீட்டில் இருக்க விரும்பியவர் இருந்தார். பெயரை மாற்றிக்கொண்டது நாம்தான்.

நண்பனுக்குப் பதில் எழுதவேண்டும். அவன் கேட்டது, பதினாறு வருஷம் உழைத்தவனுக்கு இதுதான் மரியாதையா என்று. ஸ்டாம்கோஸைப் போகவிட்டதில் அவமரியாதை எதுவும் இல்லை, கென்ட்ஸலை எடுத்ததிலும் இல்லை என்று எழுதப்போகிறேன். மரியாதை செய்வதற்கு இருந்த நேரம், அவர் இன்னும் 40 கோல் போடவேண்டியிருந்த நேரம். அது கடந்துவிட்ட பிறகு 2024 ஜூலையில் கொடுப்பதற்குப் பணம் மட்டும்தான் மிச்சம் இருந்தது. அதைப் பற்றி இரண்டு பக்கமும் நியாயமாகவே பேரம் பேசினார்கள்.